4 அறுவை சிகிச்சை, கணக்கில்லாத ஊசிகள்: கென்னடியின் முதுகுவலியைக் குறைத்தது எது?

ஜான் எஃப். கென்னடி என்றதும் உங்கள் மனதில் என்ன படம் வருகிறது? கலையாத தலைமுடி, வெயிலில் கறுத்த முகம், பாய்மரப் படகு, புல்வெளியில் தம்பி தங்கைகளோடு பந்து விளையாட்டு. அமெரிக்க மக்கள் தேர்தலில் தேர்ந்தெடுத்த அதிபர்களிலேயே மிக இளையவர் அவர். பதவியேற்றபோது வயது 43.

இப்போது அதே மனிதரை வேறு மாதிரி நினைத்துப் பாருங்கள். கேமராக்கள் கிளம்பிய பிறகு கக்கத்தில் கட்டைகளை ஊன்றி நடப்பவர். குனிந்து காலுறை மாட்டவே சிரமப்படுபவர். கோட்டுக்குள்ளே இடுப்பை இறுக்கிக் கட்டிய பெல்ட்டோடு உலகத் தலைவர்களுக்குக் கை கொடுப்பவர். இரண்டு பேரும் ஒரே ஆள்தான். முதலாவது படம் நமக்குக் கிடைத்தது. இரண்டாவது படத்தின் பெரும்பகுதி, 2002-ல் வரலாற்றாசிரியர் ராபர்ட் டாலெக் அவருடைய மருத்துவக் கோப்புகளைப் பார்க்க அனுமதி பெற்ற பிறகுதான் வெளியே வந்தது.

இதை நீங்கள் ஆபீஸ் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தோ, கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்தோ படித்துக்கொண்டிருக்கலாம். இடுப்புக்கு மேலே ஒரு இடத்தில் லேசாக இழுத்துப் பிடிக்கவும் செய்யலாம். அப்படியென்றால் கென்னடியின் கதையில் உங்களுக்கு வேலை இருக்கிறது. பணம், செல்வாக்கு, நாட்டின் தலைசிறந்த டாக்டர்கள் எல்லாம் கையில் இருந்த ஒருவர், இருபது வருஷத்துக்கும் மேல் ஒரு முதுகுவலியோடு என்ன பாடுபட்டார் என்று பாருங்க.

வலி எங்கே தொடங்கியது?

1917 மே 29-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைனில் பிறந்தார் கென்னடி. ஒன்பது பிள்ளைகளில் இரண்டாவது. மூன்று வயது நிறைவதற்குள் கடுமையான தொற்றுக் காய்ச்சல் வந்து உயிர் பிழைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. பள்ளிக்கூட நாட்களிலும் வயிறு, எடை, களைப்பு என்று மாறி மாறி ஏதாவது ஒன்று. ஆனால் அந்த வீட்டில் நோயாளியாக இருப்பதற்கு இடமே இல்லை. அப்பா ஜோசஃப் கென்னடிக்குத் தோற்பது பிடிக்காது. பிள்ளைகள் எல்லோரும் ஓட வேண்டும், நீந்த வேண்டும், ஜெயிக்க வேண்டும்.

ஹார்வர்டில் படிக்கும்போது மெலிந்த உடம்போடு அமெரிக்கக் கால்பந்து ஆடினார். அங்கேதான் முதுகில் அடி. இருபதாவது வயதை ஒட்டித் தொடங்கிய அந்த வலி பிறகு முழுசாக அவரை விடவே இல்லை.

இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது ராணுவத்தில் சேரப் போனார். முதுகைப் பார்த்து டாக்டர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம்மில் பலர் அதோடு வீட்டுக்கு வந்திருப்போம். கென்னடி குடும்பம் அப்படி இல்லை. பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதராக இருந்த அப்பாவுக்குக் கடற்படை உயரதிகாரிகளைத் தெரியும். 1941 அக்டோபரில் மகன் கடற்படைக்குள் போய்விட்டார். செல்வாக்கை வைத்து ராணுவத்திலிருந்து தப்பித்தவர்கள் உண்டு. அதே செல்வாக்கை வைத்து உள்ளே போனவர் இவர். உடல் தகுதிப் பரீட்சையை அன்று ஏமாற்றியதுக்கான விலையை முதுகு பிறகு கட்டியது.

கடலில் ஒரு இரவு

1943 ஆகஸ்ட் 2, அதிகாலை இருட்டு. தென் பசிபிக்கில் சாலமன் தீவுகள் அருகே, கென்னடி தலைமையில் பி.டி-109 என்ற சின்ன டார்பிடோ படகு. அமகிரி என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் வந்து மோதியதில் படகு பிளந்தது. இருந்த 13 பேரில் இருவர் இறந்தார்கள். மீதிப் பேர் சிதைந்த படகைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் மிதந்தார்கள். பிறகு ஒரு குட்டித் தீவை நோக்கி நீந்த ஆரம்பித்தார்கள்.

தீக்காயம் பட்ட ஒரு மாலுமியால் நீந்த முடியவில்லை. அவருடைய மிதவை அங்கியின் வாரைக் கென்னடி பல்லில் கடித்து இழுத்துக்கொண்டே நீந்தினார். ஐந்து கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். அதற்குப் பிறகும் உதவி தேடி இரவில் தனியாகக் கடலில் இறங்கினார். பியூக்கு காசா, எரோனி குமானா என்ற இரண்டு தீவுவாசிகள்தான் கடைசியில் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். தேங்காய் ஓட்டில் கீறி அனுப்பிய செய்தி உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஓடு பிற்பாடு அதிபரின் மேஜை மேலேயே இருந்தது.

வீரன் என்று பெயர் வந்தது. பதக்கமும் வந்தது. ஏற்கெனவே பழுதாகியிருந்த முதுகு இன்னும் மோசமானது.

முதல் கத்தி, இரண்டாவது கத்தி

1944 ஜூனில் பாஸ்டனில் முதல் அறுவை சிகிச்சை. டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்ற எண்ணத்தில் திறந்தார்கள். எதிர்பார்த்த மாதிரி தெளிவான டிஸ்க் விலகல் உள்ளே இல்லை. சிதைந்திருந்த கொஞ்சம் திசுவை எடுத்துவிட்டு மூடினார்கள். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் வலி திரும்பி வந்தது, கூடவே தசை இறுக்கமும். இன்றைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம், அதில் ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கித் தெரிகிறது, உடனே அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். வலியே இல்லாத பலருடைய ஸ்கேனிலும் அதே பிதுக்கம் இருக்கும். கென்னடி காலத்தில் எம்.ஆர்.ஐ. கிடையாது. ஆனால் அந்த அவசரம் அப்போதே இருந்தது.

அதே ஆகஸ்டில் அண்ணன் ஜோ, வெடிமருந்து ஏற்றிய விமானம் வானத்திலேயே வெடித்து இறந்தார். குடும்பத்தின் அரசியல் கனவு இப்போது இரண்டாவது மகன் தலையில். 1946-ல் பிரதிநிதிகள் சபை, 1952-ல் செனட் சபை. நடுவில் 1947-ல் லண்டனில் மயங்கிச் சரிந்தபோது இன்னொரு நோய் வெளிப்பட்டது. அட்ரீனல் சுரப்பிகள் சரியாக வேலை செய்யாத அடிசன் நோய். அதற்கு வாழ்நாள் முழுக்க ஸ்டீராய்டு வேண்டும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எலும்பை மெலிய வைக்கும், தொற்றை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும். முதுகுவலிக்காரருக்கு இதைவிடக் கெட்ட கூட்டு கிடையாது.

1954-ல் நிலைமை கைமீறியது. கட்டைகள் இல்லாமல் நடக்க முடியவில்லை. செனட் படிக்கட்டுகள் மலை மாதிரி தெரிந்தன. முதுகெலும்பை உலோகத் தகடு வைத்து இணைக்கலாம் என்றார்கள். அடிசன் நோயாளிக்கு இவ்வளவு பெரிய அறுவை ஆபத்து என்று தயங்கிய டாக்டர்களும் இருந்தார்கள். இப்படியே கட்டையோடு காலம் தள்ளுவதைவிடச் செத்தாலும் பரவாயில்லை என்ற மனநிலையில் இருந்தார் கென்னடி. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வயது 37.

அக்டோபர் 21-ல் நியூயார்க்கில் அறுவை நடந்தது. தொற்று பிடித்தது. நினைவிழந்தார். பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு ஜெபம் செய்தார். பிழைத்தார். ஆனால் புண் ஆறவில்லை. 1955 பிப்ரவரியில் திரும்பவும் திறந்து அந்தத் தகட்டையே எடுத்தார்கள். இது மூன்றாவது. 1957-ல் அதே இடத்தில் சீழ் கட்டி நான்காவது முறை கத்தி வைத்தார்கள்.

இந்த இரண்டாவது அறுவை பற்றி ஒரு விசித்திரமான சங்கதி உண்டு. அடிசன் நோயாளிக்கு இப்படி ஒரு பெரிய அறுவையைச் செய்து உயிரோடு மீட்டது மருத்துவ உலகத்துக்கு அன்று செய்தி. எனவே 1955-ல் ஒரு மருத்துவ இதழில் பெயர் போடாமல் எழுதிவிட்டார்கள். நோயாளி 37 வயது ஆண் என்று மட்டும் இருந்தது. 1960 தேர்தலின்போது எதிராளிகள் அடிசன் நோய் பற்றிக் கிளப்பியபோது கென்னடி தரப்பு மறுத்தது. உண்மை நூலக அலமாரியில் எல்லோர் கண்ணுக்கும் எதிரே கிடந்தது. அதைச் சேர்த்துப் பார்த்தவர்கள் அவர் இறந்த பிறகுதான் வந்தார்கள்.

எட்டு மாதப் படுக்கையில்தான் துணிச்சலான செனட்டர்களைப் பற்றிய புத்தகத்துக்கான வேலையும் நடந்தது. எழுத்தில் பெரும்பங்கு உதவியாளர் டெட் சோரன்சனுடையது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். புலிட்சர் பரிசு கென்னடி பெயருக்கு வந்தது.

ஊசி போட்ட டாக்டர்

1955 மே மாதம் நியூயார்க்கில் ஜேனட் டிராவெல் என்ற டாக்டரைப் பார்க்கப் போனார். தசைக்குள்ளே சில புள்ளிகள் முடிச்சு மாதிரி இறுகிக்கொள்கின்றன, அவைதான் வலியை வேறு இடங்களுக்கும் பரப்புகின்றன என்பது டிராவெலின் பார்வை. இன்று பிசியோதெரபிஸ்டிடம் போனால் 'டிரிக்கர் பாயிண்ட்' என்று சொல்வார்களே, அந்தச் சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியதில் இந்த அம்மாவுக்குப் பெரிய பங்கு. அந்தப் புள்ளிகளில் புரோக்கைன் என்ற மரத்துப்போகும் மருந்தை ஊசியால் ஏற்றினார். வலி உடனே குறைந்தது.

அவர் செய்த வேறு இரண்டு காரியங்கள் எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகின்றன. கென்னடியின் ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டை என்று கண்டுபிடித்து, அந்தப் பக்க ஷூவுக்குள் குதிகால் உயர்த்தி வைத்தார். அடுத்தது, அசையாமல் உட்காருவது முதுகுக்கு ஆகாது என்று ஆடும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். வெள்ளை மாளிகைப் படங்களில் நீங்கள் பார்க்கிற அந்தப் புகழ்பெற்ற நாற்காலி அப்படி வந்ததுதான். அதிபரானதும் கென்னடி டிராவெலைத் தன் தனி மருத்துவர் ஆக்கினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

ஆனால் மரத்துப்போகும் மருந்தின் பலன் சில மணி நேரம்தான். 1961-ல் ஒரே நாளில் பலமுறை ஊசி போடுகிற அளவுக்குப் போனது. அந்த வருஷம் மே மாதம் கனடாத் தலைநகர் ஒட்டாவாவுக்கு அரசுமுறைப் பயணம் போனவர், சம்பிரதாயமாக மரக்கன்று நட்டார். நாலு தள்ளு மண் அள்ளிப் போடுகிற வேலை. குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. அடுத்து வந்த வாரங்களில் அமெரிக்க அதிபர் விமானப் படிக்கட்டில் ஏற முடியாமல் தூக்கு எந்திரத்தில் ஏற்றப்பட்டார்.

ஜூன் 3-ம் தேதி வியன்னாவில் சோவியத் தலைவர் குருஷேவோடு சந்திப்பு. இரண்டு அணு ஆயுத நாடுகள் நேருக்கு நேர் உட்காரும் நேரம். அந்தப் பயணத்தில் டிராவெலின் ஊசிகளோடு இன்னொரு டாக்டரும் வந்திருந்தார். மேக்ஸ் ஜேக்கப்சன். பிரபலங்களுக்குத் தெம்பு ஊசி போடுபவர் என்று நியூயார்க்கில் பெயர். அந்த ஊசியில் இருந்தது ஆம்ஃபெட்டமைன் என்கிற ஊக்கப் போதை மருந்து. பல வருஷம் கழித்து, 1975-ல் அவருடைய மருத்துவ உரிமம் பறிக்கப்பட்டது.

வலியை உடனே நிறுத்த வேண்டும், வெளியே தெரியக் கூடாது, நாளைக் காலைக் கூட்டத்துக்கு நிற்க வேண்டும். கென்னடி ஒவ்வொரு முறையும் இந்த மூன்றையும் கேட்டார். ஊசியும் பெல்ட்டும் அதைக் கொடுத்தன. டெலிவரி தேதி நெருங்கும்போது மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்காருகிற நாம் அவரைக் குறை சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பாறை ஏறும் டாக்டர்

வெள்ளை மாளிகைக்குள்ளேயே இதைப் பார்த்து மிரண்டவர்கள் இருந்தார்கள். கடற்படை டாக்டர் ஜார்ஜ் பர்க்லி அதில் ஒருவர். இப்படியே ஊசியில் ஓடினால் அதிபர் சக்கர நாற்காலியில்தான் முடிவார் என்ற பயம். 1961 அக்டோபரில் அவர்கள் அழைத்து வந்தவர் ஹான்ஸ் கிராஸ்.

யார் இவர்? 1905-ல் அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் டிரியெஸ்டே நகரில் பிறந்தவர். வியன்னாவில் எலும்பு முறிவு டாக்டர். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய 1938-ல் அமெரிக்காவுக்கு வந்தார். வார நாட்களில் நோயாளிகள், வார இறுதியில் பாறை. நியூயார்க்குக்கு வடக்கே இருக்கும் ஷாவங்கங்க் பாறைகளில் அவர் 1941-ல் திறந்த ஏறுபாதை ஒன்றில் இன்றும் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

எலும்பு முறிந்தவரை மாவுக்கட்டில் மாசக்கணக்கில் போட்டு வைக்காமல் சீக்கிரமே அசைய வைக்க வேண்டும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. முதுகுவலிக்கும் அதே கண்ணோடு பார்த்தார். நிறையப் பேருக்கு எலும்பிலோ டிஸ்க்கிலோ பெரிய கோளாறு இல்லை. தசை பலவீனமாக, இறுக்கமாக இருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் மன அழுத்தமும் சேர்ந்து அதை இன்னும் முறுக்குகிறது என்றார். உடற்பயிற்சி இல்லாததால் வரும் நோய்கள் பற்றி 1961-லேயே புத்தகம் எழுதியவர்.

சோன்யா வெபர் என்ற டாக்டரோடு சேர்ந்து இவர் உருவாக்கிய ஆறு அசைவுப் பரீட்சை உங்களுக்கும் உபயோகப்படும். கால் நீட்டி மல்லாந்து படுத்து, ஒருவர் பாதத்தைப் பிடித்துக்கொள்ள, கையைத் தலைக்குப் பின்னால் வைத்து எழுந்து உட்காருவது. முழங்காலை மடக்கி அதையே செய்வது. மல்லாந்தபடி இரு கால்களையும் தரையிலிருந்து சற்று உயர்த்தி 10 விநாடி நிறுத்துவது. குப்புறப் படுத்து மார்பை உயர்த்தி 10 விநாடி, பிறகு கால்களை உயர்த்தி 10 விநாடி. கடைசியாக முழங்கால் மடங்காமல் நின்று விரலால் தரையைத் தொடுவது. அவ்வளவுதான். சாம்பியன் ஆவதற்கான பரீட்சை இல்லை, குறைந்தபட்சத் தசை பலம் இருக்கிறதா என்று பார்ப்பது. 1950-களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை வைத்தபோது அமெரிக்கப் பிள்ளைகளில் 57.9 சதவீதம் பேர் ஒன்றிலாவது தோற்றார்கள். ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்துப் பிள்ளைகளில் தோற்றவர்கள் 8.7 சதவீதம். அமெரிக்கா அதிர்ந்து போனது. அதிபர் ஐசன்ஹோவர் 1956-ல் இளைஞர் உடல்தகுதிக்கென்று தனிக் குழுவே அமைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை. 1960 டிசம்பரில், அதிபராகத் தேர்வாகிப் பதவியேற்காத நாட்களில், ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் அமெரிக்கர்கள் சொகுசாகிவிட்டார்கள் என்று கென்னடி கட்டுரை எழுதினார். அதில் அவர் ஆதாரமாகக் காட்டியது இதே ஹான்ஸ் கிராஸின் ஆய்வைத்தான். பத்து மாதம் கழித்து கிராஸ் அவரையே படுக்க வைத்துச் சோதித்தபோது, நாட்டுக்குப் பாடம் எடுத்த அதிபரால் ஒருமுறைகூட ஒழுங்காக எழுந்து உட்கார முடியவில்லை. வயிற்றுத் தசையில் பலமே இல்லை. தொடையின் பின்பக்கத் தசை கயிறு மாதிரி இறுகியிருந்தது.

கிராஸ் ஒரு நிபந்தனை போட்டார். முதுகு விஷயத்தில் தன் வழி மட்டும்தான். ஊசியை நிறுத்த வேண்டும். டிராவெல் பதவியில் தொடர்ந்தார், ஆனால் அதிபரின் முதுகு அவர் கையிலிருந்து போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி என்று தொடங்கினார்கள். இடம், வெள்ளை மாளிகை நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன உடற்பயிற்சி அறை. போலியோவால் பாதிக்கப்பட்டிருந்த அதிபர் ரூஸ்வெல்ட்டுக்காக 1933-ல் கட்டிய குளம் அது. தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். கென்னடி மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை நீந்துவார்.

பயிற்சி என்றதும் பெரிய எடை தூக்குவதாக நினைக்க வேண்டாம். முதலில் சூடு, மசாஜ், தசையைத் தளர்த்துதல். பிறகு மெதுவாக நீட்டுதல். அதற்குப் பிறகுதான் வயிற்றையும் இடுப்பையும் பலப்படுத்தும் அசைவுகள், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி. பார்க்கச் சுவாரசியமே இல்லாத வேலை. போட்டோ எடுத்துப் போடுகிற மாதிரி ஒன்றுமே இல்லை. ஆனால் சில மாதங்களில் வித்தியாசம் தெரிந்தது. தன் குழந்தையைத் தூக்கவே யோசித்துக்கொண்டிருந்தவர் தூக்க ஆரம்பித்தார். இடுப்பு வளைந்தது. வெளியே பெரிதாகப் பேசாமல், நாட்காட்டியில் ஒரு கூட்டம் மாதிரி இந்த நேரத்தையும் ஒதுக்கிவிட்டார்கள்.

கிராஸ் அற்புதம் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். வலி முழுசாகப் போகவில்லை. நான்கு முறை கத்தி பட்ட முதுகு, ஸ்டீராய்டில் மெலிந்த எலும்பு. எந்தப் பயிற்சியும் அதைப் புதுசாக்காது. பெல்ட்டையும் அவர் விடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதுகில் அடிபட்ட ஹார்வர்ட் நாட்களுக்கும் இந்தச் சின்ன அறைக்கும் நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் இடைவெளி. இந்த முதுகைச் சுமக்கும் தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்ப்பதே வைத்தியத்தின் மையமாக மாற அத்தனை காலம் ஆனது.

கழுத்தை நெட்டி முறிக்கும் வைத்தியம் என்ன ஆச்சு?

இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம். இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் கழுத்தைத் திருப்பி 'டக்' என்று சத்தம் வரவைக்கிறார்களே, அந்த கைரோபிராக்டிக் அப்போது இல்லையா? இருந்தது. 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலம் டேவன்போர்ட்டில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது அது. ஆனால் டாக்டர்கள் சங்கம் அதைப் போலி வைத்தியம் என்றே ஒதுக்கி வைத்திருந்தது. கென்னடி இறந்த அதே 1963-ல் அதை ஒழிக்கவே ஒரு குழு அமைத்தது. 1987-ல் நீதிமன்றம் அந்தப் புறக்கணிப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தனிக்கதை அது.

இன்றைய நிலை இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் இருக்கிறது. நாள்பட்ட முதுகுவலிக்கு எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2020-ல் உலகம் முழுக்க சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு, முதுகு வலி இருந்ததாக அதன் கணக்கு. பரிந்துரைப் பட்டியலில் உடற்பயிற்சி இருக்கிறது, மசாஜ் இருக்கிறது, முதுகெலும்பைக் கையால் அசைத்துத் தரும் சிகிச்சையும் இருக்கிறது. வழக்கமாகத் தர வேண்டாம் என்ற பட்டியலில் இடுப்பு பெல்ட்டும், இழுவைச் சிகிச்சையும், ஓபியாய்டு வலி மருந்துகளும் இருக்கின்றன. கையால் செய்யும் சிகிச்சையின் பலன் மிதமானதுதான். பயிற்சியோடு சேரும்போதுதான் அதற்கு அர்த்தம். அந்த 'டக்' சத்தம், எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது.

கழுத்தை வேகமாகத் திருப்புவதில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழியும் ஆபத்து உண்டு. அரிதானது, ஆனால் நிஜம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எலும்பு மெலிந்தவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது. கென்னடியே அந்தப் பட்டியலில்தான் வருவார். அதோடு, முதுகுவலியோடு கால் பலமிழந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடை இழப்போ இருந்தாலோ, பயிற்சி வீடியோ தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டல்லாஸ்

1963 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு நடைப் பைத்தியம் பிடித்தது. கடற்படைக் காலாட்படை அதிகாரிகள் 50 மைல் நடந்து காட்ட வேண்டும் என்று 1908-ல் தியோடர் ரூஸ்வெல்ட் போட்ட பழைய உத்தரவைக் கென்னடி தூசி தட்டி எடுத்தார். தம்பி ராபர்ட் சாதாரண ஷூவிலேயே பனியில் 50 மைல் நடந்து முடித்தார். நாடு முழுக்க மாணவர்களும் குமாஸ்தாக்களும் கிளம்பினார்கள். அந்த யோசனையின் சொந்தக்காரர் மட்டும் நடக்கவில்லை. ஏன் என்று அன்று கேட்டவர்களுக்குக் காரணம் தெரியாது.

நவம்பர் 22, டல்லாஸ். திறந்த காரில் ஊர்வலம். அன்றும் கயிறு போட்டு இறுக்கிய பெல்ட்டைக் கட்டியிருந்தார். அதற்கு மேலே நீளமான எலாஸ்டிக் துணியை இடுப்பையும் தொடைகளையும் சேர்த்து எட்டு வடிவில் சுற்றியிருந்தார். மணிக்கணக்கில் நிமிர்ந்து உட்கார்ந்து கையசைக்க வேண்டுமே. முதல் குண்டு மேல்முதுகில் பாய்ந்து தொண்டை வழியாக வெளியேறியது. பெல்ட் இல்லாதிருந்தால் அவர் முன்னால் சரிந்திருப்பார், தலையைத் துளைத்த குண்டு தவறியிருக்கலாம் என்று சில மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மறுப்பவர்களும் இருக்கிறார்கள். நிரூபிக்க வழியில்லாத ஒன்று. எனக்கு அந்த வாதத்தைவிட, 46 வயது மனிதர் அன்று காலை ஹோட்டல் அறையில் அந்தத் துணியைச் சுற்றிக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரம்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

டிராவெல் பின்னாளில் டேவிட் சைமன்ஸோடு சேர்ந்து டிரிக்கர் பாயிண்ட் பற்றி எழுதிய நூல், 1983-ல் வெளிவந்து, பிசியோதெரபி படிப்பவர்களுக்கு இன்றும் பாடம். கிராஸின் பயிற்சிகளை 1970-களில் அமெரிக்காவின் ஒய்.எம்.சி.ஏ. கூடங்கள் பொதுமக்களுக்கு வகுப்பாக நடத்தின. அவர் 1996-லும், டிராவெல் அடுத்த வருஷமும் தொண்ணூறு வயது தாண்டி இறந்தார்கள். கென்னடி நீந்திய குளத்தை 1970-ல் நிக்சன் ஆட்சியில் பலகை போட்டு மூடினார்கள். அதன் மேலேதான் இப்போது வெள்ளை மாளிகையின் பத்திரிகையாளர் அறை இருக்கிறது.